நூற்று நான்கு அடிக்கு மேலே

எங்கள் ஊரான கம்பத்தைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். தேக்கடிப் படகையும் சுருளி அருவியையும் மேகமலையையும் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பாதிப் பேர் போய் வந்திருப்பீர்கள். அதனால் இன்றைக்கு உங்களைச் சுருளிப்பட்டிச் சாலையில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறேன். விடியக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கம்பம் இருட்டோடு எழுந்துவிடுகிற ஊர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புக்கு நிற்பார்கள். கம்பம்மெட்டு ஏறி, கேரள எல்லைக்குள் போய், பகலெல்லாம் செடிக்கடியில் குனிந்து காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருவார்கள். அந்த ஜீப்புகள் போன பிறகு ஊரில் சற்று நேரம் சத்தமே இருக்காது. கம்பராயப் பெருமாள் கோயில் பக்கமிருந்து நடந்து, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்துக்கு வந்தால், வாய்க்கால் ஓடுவது காதில் விழும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீங்கள் படகில் போனீர்களே, அந்தத் தேக்கடி ஏரியிலிருந்துதான். ஏரி நடுவே பட்டுப்போன மரக்கட்டைகள் நின்றிருக்கும், மேலே நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். எல்லோரும் அதைப் படம் எடுத்திருப்பீர்கள். 1895-இல் பெரியாற்றுக்கு அணை கட்டி முடித்துத் தண்ணீர் பரவியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையை ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்குக் குடைந்து, கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். படகுத்துறையில் நிற்பவர்களுக்கு அது ஏரி. மலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எங்களுக்கு அது சோறு.

என் தாத்தா தேக்கடியில் படகு ஏறியதே இல்லை. ஆனால் ஏரியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். காரணம், இதோ இந்த வானொலிதான். செய்தி முடியும்போது அணைகளின் நீர்மட்டம் வாசிப்பார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் குழந்தை அழக்கூடாது, பாத்திரம் உருளக்கூடாது. "பெரியாறு" என்று வந்ததும் தாத்தா தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வரும்: "என்ன மாமா, நூத்திநாலுக்கு மேல எம்புட்டு நிக்கிது?"

அது என்ன நூற்று நான்கு? அணையில் 104 அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் எங்கள் பக்கத்துச் சுரங்கத்துக்குள் ஏறாது. அதற்கு மேலே நிற்பதுதான் நமக்கு. எவ்வளவு அடி தேக்கலாம் என்று நீதிமன்றம்வரை போன 136, 142 ஆகிய எண்களை நாடெல்லாம் அறியும். பள்ளத்தாக்கு விவசாயி விரல்விட்டு எண்ணத் தொடங்குவது மட்டும் 104-இலிருந்து. மழையும் எங்கள் தலைக்கு மேலே பெய்து பயனில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பெய்ய வேண்டும். வைகாசியில் தாத்தா வாசலில் நின்று மேற்கு முகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே மேகம் கருத்தால் அவருக்கு முகம் மலரும்.

பிறகு ஜூன் முதல் வாரத்தில் தேக்கடி மதகைத் திறப்பார்கள். தண்ணீரில் பூத் தூவித்தான் விடுவார்கள். கூடலூரிலிருந்து கீழே பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர், இருபோக நெல். நாற்றங்காலில் முதல் தண்ணீர் பாய்கிற நாளில் மண்ணிலிருந்து ஒரு வாசம் எழும் பாருங்கள், அதை எப்படி வானொலியில் அனுப்புவது!

குமுளி மலைச்சாலையில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மலைச்சரிவில் லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிற பெரிய இரும்புக் குழாய்களை எல்லோரும் பார்ப்பார்கள். அவற்றோடு திரும்பிவிடாதீர்கள். இரைச்சல் பாலம் என்று ஓர் இடம் இருக்கிறது. குழாய்க்குப் போகாத தண்ணீர் அந்த வழியாக விழும். பெயர் வைத்தவர் யாரோ, காதால் வைத்திருக்கிறார். தண்ணீர் விடுகிற நாளில் அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சின்ன வயதில் தாத்தா என்னை அங்கே நிறுத்தி என்னவோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

லோயர்கேம்பில் அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் மணிமண்டபம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. அவர் பிறந்தது ஜனவரி 15. எங்களுக்குப் பொங்கல் நேரம். பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று அப்பத்தா கதை சொல்வார், சொல்லும்போது கண் கலங்குவார். அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பத்தாவிடம் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தவருக்கு ஒரு ஊர் இவ்வளவு பெரிய கதையைக் கொடுத்திருக்கிறது என்றால், அந்த ஊர் எவ்வளவு காய்ந்து கிடந்திருக்க வேண்டும்! எனக்கு ஓர் ஆசையும் உண்டு. அந்தக் காட்டில் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் சுமந்து, மலேரியாவில் மாண்டுபோன கூலிக்காரர்கள் ஏராளம். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு இலை போட வேண்டும்.

அடடா, திராட்சைக்கு அல்லவா கிளம்பினோம்! நேரம் ஆகிவிட்டது, தோட்டத்துக்குள் வேகமாக நுழைந்துவிடுவோம்.

தலை இடிக்கும், குனிந்து வாருங்கள். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். மேலே இலை, கீழே நிழல், நடுவில் கறுப்புக் கறுப்பாகத் தொங்குவது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து முன்னே பின்னே செய்வதால் எந்த மாதம் வந்தாலும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். பளபளவென்று இருப்பதைப் பறிக்கச் சொல்லாதீர்கள். மேலே சாம்பல் பூத்த மாதிரி இருக்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். அந்தக் குலையைக் கேட்டு வாங்குங்கள். கொட்டை உண்டு, துப்பிக்கொள்ளலாம். தாத்தா குலையோடு வாய்க்கால்வரை நடந்து, அந்தத் தண்ணீரில் முக்கி, இரண்டு உதறு உதறி, முதல் பழத்தைப் பிய்த்து என் வாயில் போடுவார். பழத்தை விடத் தண்ணீர்தான் முதலில் நாக்கில் படும். குளுகுளுவென்று இருக்கும்.