பத்தாம் சுற்றுக்குப் பிறகு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் என்றால் நம் பிள்ளைகளுக்கு வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரைதான் நினைவுக்கு வரும். வரட்டும். ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பதினொரு சுற்றுகளின் முடிவுகளையும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இது அணிப் போட்டி. நான்கு பேர் நான்கு பலகைகளில் ஆடுவார்கள். ஐந்தாமவர் மாற்று வீரர். நான்கு ஆட்டங்களையும் கூட்டி எதிரணியை முந்தினால் அணிக்கு 2 புள்ளி, சமன் என்றால் 1. ஒவ்வொரு பலகையிலும் சிறப்பாக ஆடியவர்களுக்குத் தனிப் பதக்கமும் உண்டு.

இங்கிலாந்தின் டேவிட் ஹோவெல் மூன்றாம் பலகையில் 8 ஆட்டங்களில் ஏழரைப் புள்ளி எடுத்தார். ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். நம் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. ஸ்வீடனின் பியா கிராம்லிங் பெண்கள் பிரிவில் முதல் பலகைத் தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 59. நம்மில் பலருக்கு அது ஓய்வை எண்ணத் தொடங்கும் வயது!

நான் சொல்ல வந்தது குகேஷைப் பற்றி. 16 வயதில் இந்திய ‘பி’ அணியின் முதல் பலகை. தொடர்ந்து 8 வெற்றிகள். எட்டாவதாக வீழ்ந்தவர் அமெரிக்காவின் கருவானா. ஒன்பதாம் சுற்று டிரா. பத்தாவதில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷின் கைதான் ஓங்கியிருந்தது. அவர் டிரா செய்திருந்தாலே அணி இரண்டரைக்கு ஒன்றரை என வென்றிருக்கும். அவர் வெற்றிக்கே முயன்றார். நேர நெருக்கடியில் தவறினார், தோற்றார். அணிக்கு 2-2. கடைசியில் உஸ்பெகிஸ்தான் 19 புள்ளிகளுடன் தங்கம். நம் ‘பி’ அணி 18 புள்ளிகளுடன் வெண்கலம். அந்த ஒரு ஆட்டத்தின் விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் கடைசிச் சுற்று. மாற்று வீரர் இருந்தார். ஆனாலும் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷின் அணியில் முதல் பலகையில் அமர்ந்தது குகேஷ்தான். அவர் டிரா செய்தார். அணி ஜெர்மனியை 3-1 என வென்றது. 11 ஆட்டங்களில் 9 புள்ளி, முதல் பலகைத் தங்கம். 2024-இல் புடாபெஸ்டில் 10 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார். அங்கே அணிக்கும் தங்கம் கிடைத்தது.

எட்டு வெற்றிகளைவிட அந்த மறுநாள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் குறுவட்டப் போட்டிகளில் என்ன நடக்கிறது? ஒரு பிள்ளை தோற்றுவிட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருப்பதில்லை. அதற்கு யாரும் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில்லை. எழுதும் கை தானாகவே அந்தப் பெயரைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

எங்கள் பள்ளியில் இருப்பது நான்கு செஸ் பலகைகள். ஒன்றில் கறுப்புச் சிப்பாய்க்குப் பதில் புளியங்கொட்டை. அதில் ஆடிப் பழகும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு முதல் சுற்றிலேயே தோற்றாள். இந்த ஆண்டும் அவளைத்தான் அழைத்து வருகிறேன். உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அழைத்து வாருங்கள், ஆட வைப்போம்.