கண்ணால் காணாத கொலை

(ரொக்ஸ்பரோவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வருசப் பிறப்பன்று மரக்கறிச் சாப்பாடு, மறுநாள் பங்கு இறைச்சி. ஊரில் எங்களிற் பலருடைய வழக்கம் இது. ஆடு யாருடையது, அது எப்படிக் கத்தியது என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே இறைச்சி பிளாஸ்ரிக் சுற்றிய தட்டில் கிடக்கிறது. கத்தின சத்தம் கேட்பதில்லை. இதைப்பற்றித்தான் இன்று கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

புத்தர் பிக்குகளுக்கு இறைச்சியை முற்றாகத் தடைசெய்யவில்லை. தனக்காகக் கொல்லப்பட்டதென்று கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ உண்ணக்கூடாது என்பதே ஜீவக சூத்திரத்தில் வரும் விதி. எல்லாப் பிக்குகளும் மரக்கறியே உண்ணவேண்டும் என்று தேவதத்தன் கேட்டபோதும் அவர் சம்மதிக்கவில்லை. பிச்சை ஏற்பவர் இட்டதை உண்பவர். ஆனால் நாங்கள் பிச்சை ஏற்கவில்லை, காசு கொடுத்து வாங்குகிறோம். வள்ளுவர் 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில் வாங்குகிறவரைத்தான் பிடிக்கிறார். தின்ன வாங்க ஆளில்லாவிட்டால் விற்கவும் ஆளில்லை என்பது அவருடைய வாதம்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அகதி வழக்கு முடியவில்லை, ஊருக்குக் காசு அனுப்பவேணும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும் கோழிகளை நாள் முழுக்கப் பார்த்தவன் நான். ஆகவே சாப்பிடுகிறவரையோ, அந்த வேலை செய்கிறவரையோ குற்றம் சொல்ல இங்கே நிற்கவில்லை. கண்டவன் என்றபடியால் சொல்லுறன்.

"எங்களை வெட்டிக் கொளுத்தினவையின்ரை சமயத்திலையிருந்து மாட்டுக்கு இரங்கப் படிக்கிறதோ?" என்று ஒரு ஐயா என்னிடம் கேட்டார். 1983 ஆடியை நினைத்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். வெசாக் நாளில் இலங்கையில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும். 2020இல் மாடு வெட்டுவதைத் தடைசெய்யும் யோசனைக்கு அங்கே அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. உண்பவர்களுக்கு மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கலாம் என்பதும் அதே யோசனையில் இருந்தது! கண்ணுக்குத் தெரியாத கொலை கொலையில்லை என்ற கணக்குப்போல.

ஆனால் ஐயா, பௌத்தம் அவர்களுடைய தனிச்சொத்தல்ல. மணிமேகலை தமிழ்க் காப்பியம். அதில் வரும் ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவைக் காப்பாற்றப்போய், அடிபட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டான். ஒரு விதத்தில் அவனும் அகதிதான். பிறகு அமுதசுரபியால் பசித்த மனிதருக்குச் சோறு போட்டவனும் அவன்தான். அவன் உயிர்விட்ட மணிபல்லவம் எங்கட நயினாதீவு என்றே பலர் கொள்வர். மாட்டுக்கு ஒரு நெஞ்சு, மனிதருக்கு வேறொரு நெஞ்சு என்று அவனுக்கு இருக்கவில்லை. மனிதரைக் கைவிட்டு மாட்டுக்கு மட்டும் இரங்குவது கருணையாகாது. மனிதர் பட்டதைச் சாட்டி மற்ற உயிர்களை மறப்பதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி சாப்பிட்டுவிட்டு டொலார்ட் முருகன் கோவிலுக்குப் போகிறோம். அது எங்கட சுத்தத்துக்காக. அந்த உயிர்களுக்காக என்று கிழமையில் இன்னுமொரு நாளைச் சேர்த்தால் என்ன? "இது எங்கையிருந்து வருது?" என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. கொண்டாட்டங்களில் மிஞ்சுமளவுக்கு இறைச்சி சமைத்துக் குப்பையில் கொட்டாதேயுங்கோ. உயிரைக் கொன்று, அதைத் தின்னவும் இல்லையென்றால் அந்தப் பாவத்துக்கு ஒரு சாட்டும் கிடையாது.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.