யந்திரக் கையும் தொழிலாளியின் கையும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம் ஒரு யந்திரக் கை. "ரோபோ" என்று உலகமெங்கும் அதற்குப் பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920ல் ஒரு நாடகம் எழுதினார். ஆலையில் செய்யப்பட்ட செயற்கை வேலையாட்கள் அதில் வருகிறார்கள். அவர்களுக்கு அவர் வைத்த பெயர்தான் "ரோபோட்". செக் மொழியில் "ரோபோட்டா" என்றால் என்ன அர்த்தம்? பண்ணை அடிமை தன் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பு. நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இது புதிய சங்கதியல்ல. "வெட்டி" என்று நாம் சொல்லுவதுதான் அது!

ஆகவே, இந்த யந்திரத்தின் பெயரிலேயே ஒரு பழைய ஆசை ஒளிந்திருக்கிறது. கூலி கேளாத, ஓய்வு கேளாத, சங்கம் சேராத வேலையாள் வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை நிறைவேறிவிட்டதா? ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பரிசீலிப்போம். பிரம்மாண்டமான தெர்மாகோல் கட்டிகளை யந்திரக் கை கொண்டு செதுக்கும் தொழில் அது.

தெர்மாகோல் நமக்குத் தெரியாததா? கல்யாண மேடையில் பெயர் வெட்டி ஒட்டுகிறோம். 2017ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுப்பதற்காக மிதக்க விட்டார்களே, காற்றடித்ததும் கரை ஒதுங்கியதே, அதே வெள்ளைப் பலகைதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ எடை. ஒரு கன மீட்டர் தெர்மாகோல் சுமார் 15 முதல் 30 கிலோதான்.

இவ்வளவு லேசான பொருளுக்கு ஆலையில் என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய வேலை இருக்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலை வார்ப்பதைத் தஞ்சைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன் மேல் மண் பூசுகிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகுக்குப் பதிலாகத் தெர்மாகோலை வைத்து உலோகம் வார்க்கலாம் என்று அமெரிக்காவில் 1958ல் காப்புரிமை வழங்கப்பட்டது. இதில் தெர்மாகோலை உருக்கி எடுக்க வேண்டியதுகூட இல்லை. மணலுக்குள் அதைப் புதைத்து, அப்படியே உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். தெர்மாகோல் ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடத்தில் இரும்பு நிற்கிறது. கார்களின் கதவையும் கூரையையும் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கிற டன் கணக்கான அச்சுகள் இப்படித்தான் வார்க்கப்படுகின்றன.

இது மட்டுமல்ல. கண்ணாடி இழைப் படகு கட்டுவதற்கு முன்னால், படகின் முழு உருவத்தையும் நுரைப் பொருளில் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுக்கிறார்கள். சினிமா செட்டுகளுக்கும் இதே நுரைதான். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் மார்டி கிரா என்றொரு திருவிழா உண்டு. நம் ஊர்ச் சப்பரம் போல அங்கே அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும். அந்த வண்டிகளின் மேலுள்ள ராட்சத பொம்மைகளையும் இன்று யந்திரக் கை செதுக்குகிறது.

சரி, இந்தக் கை எப்படி வேலை செய்கிறது? நம் கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு இருப்பது போல அதற்கு ஆறு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார். 1961ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலைக்கு முதல் யந்திரக் கை வந்தது. மின் மோட்டாரால் இயங்கும் ஆறு மூட்டுக் கையை 1973ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கூக்கா கம்பெனி செய்தது. அந்தக் கையின் நுனியில் ஒரு ஸ்பிண்டிலைப் பொருத்திவிட்டால் அது செதுக்கும் யந்திரமாகிவிடுகிறது. ஸ்பிண்டில் என்றால் என்ன என்று பஞ்சாலைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் ரிங் பிரேமில் கதிர் சுழலுவது போல, நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழலும் ஸ்பிண்டில். கதிர் இருக்கிற இடத்தில் நூல்கண்டுக்குப் பதில் ஒரு நீண்ட கட்டர். கை எட்டுவது சுமார் மூன்று மீட்டர். அதற்கு மேல் வேண்டுமானால் தண்டவாளம் போட்டுக் கையையே நகர்த்துகிறார்கள்; அல்லது கட்டியைச் சுழலும் மேஜையில் ஏற்றித் திருப்புகிறார்கள்.

இனி, கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கையை இரும்பை விட்டுவிட்டு நுரையைச் செதுக்க ஏன் இவ்வளவு விரும்பி வைக்கிறார்கள்? காரணம், கை பலவீனமானது! ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தால் நிற்கும். அதே குடத்தைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பாருங்கள், நடுங்கும். யந்திரக் கையும் அப்படித்தான். ஒரு முனை மட்டும் தரையில் ஊன்றி, மறுமுனை வெளியில் நீண்டு நிற்கிறது. இரும்பு அறுக்கும் கனத்த மில்லிங் யந்திரத்தோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு என்று பொறியியல் நிபுணர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இரும்பில் வைத்தால் அதிரும், வளையும். நுரை எதிர்த்து நிற்பதில்லை. ஆகவே அங்கே இதன் பலவீனம் வெளியே தெரிவதில்லை.

இன்னொன்று. "யந்திரம் தவறே செய்யாது" என்கிறார்கள். வயலில் கயிறு பிடித்து நாற்று நடுகிறோம். கயிற்றைக் கோணலாகக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வரிசையும் அச்சடித்தது போல ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஆனால் வயல் முழுதும் கோணல். யந்திரக் கையின் கதையும் இதுவே. ஒரு முறை போன இடத்துக்கே மீண்டும் போகச் சொன்னால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் போகும். ஆனால் வரைபடம் சொல்லுகிற சரியான இடம் அதுதானா என்று பார்த்தால், அளந்து திருத்தாத கை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தவறக்கூடும். கயிற்றை நேராகக் கட்டுவது யார்? தொழிலாளிதான்!

ஒரு பெரிய படகு உருவம் செதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பலகைகளை ஒட்டிக் கட்டியாக்க வேண்டும். பசை நுரையைவிடக் கடினம். கட்டர் போகிற வழியில் பசைக் கோடு வந்தால் அங்கே வரப்பு போல மேடு நிற்கும். எங்கே ஒட்டுவது என்று அறிந்தவன் தொழிலாளி. கட்டி லேசானது, கட்டர் இழுத்தால் நகர்ந்துவிடும். அதை மேஜையோடு அசையாமல் பிணைப்பவன் தொழிலாளி. கையின் இரண்டு மூட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் மணிக்கட்டு திடீரென்று வெறிபிடித்தது போலச் சுழலும். அந்த நிலை வராதபடி முன்கூட்டியே திரையில் ஓட்டிப் பார்த்து வழி வகுப்பவன் தொழிலாளி. கட்டர் மழுங்கினால் நுரை சீவப்படாமல் மணி மணியாகப் பிய்ந்து வரும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டே யந்திரத்தை நிறுத்துபவன் தொழிலாளி. செதுக்கி முடித்த பின் மேற்பரப்பில் உழுத சால் போலக் கோடுகள் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, கடினப் பூச்சுப் பூசி, வர்ணம் தீட்டுவதும் தொழிலாளியே.

அப்படியானால் யந்திரம் எதை எடுத்துக்கொண்டது? கத்தியும் அரமும் பிடித்து நாள் கணக்கில் செதுக்கிய நடுக்கட்டத்தை எடுத்துக்கொண்டது. அது உண்மையான மாற்றம். அதை மறைக்கக் கூடாது. முதுகொடிக்கிற அந்த வேலை குறைந்தது நல்லது என்றும் சொல்லவேண்டும். ஆனால் அந்த வேலைக்கு இருந்த கூலி எங்கே போயிற்று? குறைந்த நேரம் யாருடைய பைக்குள் போயிற்று? அதுதான் கேள்வி.

கைத்திறனும் இப்போது கணக்கில் வருகிறது. ஒரு சிற்பி களிமண்ணில் ஒரு முழ உயரத்துக்கு உருவம் செய்கிறான். அதை ஒளி கொண்டு அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பிறகு அதையே மூன்று ஆள் உயரத்துக்குப் பெருக்கி, எத்தனை முறை வேண்டுமானாலும் நுரையில் செதுக்கலாம். சிற்பிக்குக் கூலி ஒரு முறை. நகல் நூறு முறை! அவன் விரல்களில் இருந்த திறமை இப்போது ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியின் சாவி யாரிடம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நுரை செதுக்கும் பட்டறைகளில் பல யந்திரக் கைகள் புதியவையல்ல. கார் ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் வெல்டிங் செய்து கழிக்கப்பட்டவை. அவற்றை மலிவாக வாங்கி, எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, ஸ்பிண்டில் மாட்டி, இரண்டாவது வேலை கொடுக்கிறார்கள். கழிக்கப்பட்ட யந்திரத்துக்கு இவ்வளவு பராமரிப்பு! கழிக்கப்பட்ட தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது?

அபாயங்களைப் பற்றியும் பேசவேண்டும். 1979ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளாட் ராக் என்ற ஊரில், ஃபோர்டு கம்பெனியின் வார்ப்பாலையில், யந்திரம் அடித்து ஒரு தொழிலாளி இறந்தார். சரக்கு எடுக்கும் யந்திரம் மெதுவாக ஓடியது. அதனால் சரக்கை எடுத்துவர அவர் மேலே ஏற வேண்டி வந்தது. யந்திரம் சத்தமின்றிப் பின்னாலிருந்து வந்து தாக்கியது. அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டுமென்று 1983ல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். இன்று பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. சுற்றி வேலி இருக்கவேண்டும். கதவைத் திறந்தால் யந்திரம் தானாக நிற்கவேண்டும். உள்ளே ஆள் நின்று பழக்கும் போது வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கையிலுள்ள பொத்தானை விட்டாலும் நிற்கவேண்டும். பயத்தில் இறுக்கி அமுக்கினாலும் நிற்கவேண்டும். இவையெல்லாம் எழுத்தில் இருக்கின்றன. உற்பத்தி அவசரத்தில் கதவுப் பூட்டை ஏமாற்றிக் கம்பி போட்டுக் கட்டினால் எழுத்து யாரைக் காப்பாற்றும்?

தூசியும் நெருப்பும் வேறு. நுரைத் துகள் மின்னேறி உடம்பெல்லாம் ஒட்டும், மூக்கில் ஏறும். சூடான கம்பியால் நுரையை அறுத்தால் வரும் புகையில் ஸ்டைரீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருத இடமுண்டு என 2018ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. 1996ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில், வெல்டிங் பொறி கூரையிலிருந்த இதே ஜாதி நுரைப் பலகையில் பட்டுப் பற்றியது. 17 பேர் மாண்டார்கள். தூசி உறிஞ்சும் குழாயும், முகக் கவசமும், நெருப்புப் பொறி அண்டாத ஏற்பாடும் முதலாளி போடும் பிச்சையல்ல.

யந்திரம் வந்த இடத்தில் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? ஒரு சரித்திரத்தைப் பார்ப்போம். ஒஹையோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. அங்கே கார் உடலை வெல்டிங் செய்ய யந்திரக் கைகள் வந்தன. மற்ற ஆலைகளில் மணிக்குச் சுமார் 60 கார் என்றால் இங்கே 100 கார் என்று வரிசையை முடுக்கினார்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரு காருக்கு 36 வினாடி! அதற்கு மேல் ஆட்குறைப்பும் செய்தார்கள். 1972 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 22 நாள் நடந்தது. வேலை இழந்த பலர் திரும்ப எடுக்கப்பட்டார்கள்; ஆனால் வரிசையின் வேகம் குறையவில்லை. இதில் நமக்குப் பாடம் என்ன? அவர்கள் யந்திரக் கையை உடைக்கவில்லை. வேகத்தை எதிர்த்தார்கள். ஆட்குறைப்பை எதிர்த்தார்கள். வேலைகளைக் காத்தார்கள். வேகம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, யந்திரத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்டுவிட்டது. பின்னால் அதை அசைக்க முடியவில்லை.

ஆகவே தோழர்களே, பேச வேண்டிய நேரம் யந்திரம் வருவதற்கு முன்பு. ஆர்டர் போடும் முன்பே சங்கத்தோடு பேச வேண்டும். அரமும் கத்தியும் பிடித்த அதே தொழிலாளிக்கு, ஆலை நேரத்தில், ஆலைச் செலவில் யந்திரம் ஓட்டப் பயிற்சி வேண்டும். புதிய திறமைக்குப் புதிய சம்பள விகிதம் வேண்டும். சிற்பியின் உருவத்தை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பங்கு வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதி வேலை நேரக் குறைப்பாகத் தொழிலாளிக்கு வந்து சேரவேண்டும். வேலிக்கும் தூசிக்கும் நெருப்புக்கும் பொறுப்பு ஆலை நிர்வாகத்துடையது என்று எழுதி வாங்க வேண்டும்.

நாற்று நடும் யந்திரமும் அறுப்பு யந்திரமும் வயலுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். புதிய யந்திரம் பஞ்சாலையில் வந்தபோது ஒருவருக்கு இத்தனை கதிர் என்று பளு கூடியதைக் கண்டவர்கள் மற்றவர்கள். யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. அதைச் செய்ததும் நம்மைப் போன்ற கைகள்தான். ஆனால் "இனி நீங்கள் தேவையில்லை" என்று யாராவது நம்மிடம் சொன்னால், முதலில் அந்த யந்திரத்தின் அருகில் போய் நின்று பார்ப்போம். கட்டியை ஒட்டுவது யார், பிணைப்பது யார், வழி வகுப்பது யார், தேய்த்து முடிப்பது யார் என்று விரல் விட்டு எண்ணுவோம். எண்ணி முடித்துவிட்டுப் பேச்சு வார்த்தைக்குப் போவோம். தன் வேலையின் மதிப்பை அறிந்த தொழிலாளியை எந்தக் கையும் எளிதில் தள்ளிவிட முடியாது.