மீண்டும் வந்த நோய்

சீனத்தின் வூஹான் நகரில் மருத்துவம் பயின்று, விடுமுறைக்குத் திருச்சூர் திரும்பியிருந்த மாணவி ஒருவருக்கு 2020 ஜனவரி 30 அன்று கோவிட் உறுதியானபோது, தேசத்தின் முதல் நோயாளி என்று பத்திரிகைகள் அவரைக் குறித்து எழுதின. சிகிச்சையால் பூரண குணமடைந்த அதே பெண்ணுக்கு, டெல்லிப் பிரயாணத்தை உத்தேசித்துச் செய்துகொண்ட பரிசோதனையில், 2021 ஜூலையில் அந்நோய் மறுபடியும் தென்பட்டது. ஆனால் இம்முறை யாதொரு அறிகுறியும் இல்லை.

எதிர்ப்புச் சக்தி மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதாலும், கிருமி ரூபம் மாறி வருவதாலும் தொற்று மீண்டும் நுழைகிறது. எனினும், முன்பு கண்ட பகையை ஞாபகம் வைத்திருக்கும் உயிரணுக்கள் விரைந்து எழுவதால், பெரும்பாலோருக்கு அது உக்கிரம் கொள்வதில்லை.

தக்கலையில் எங்கள் வீட்டிலும் இந்நோய் இவ்வாறு மீண்டும் வந்தது. முதல் தடவை, சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கும் பாத்திரத்தின்மேல் குனிந்தும் மணம் தெரியாமல் என் தாயார் திகைத்து நின்றார். ஒமைக்ரான் என்ற உருமாறிய கிருமி பரவிய 2022 ஜனவரியில், இரண்டாம் தடவை, தொண்டைக் கரகரப்போடு தப்பினார், கஞ்சியும் பயறும் ருசித்தன. ஆனால் அசதி மட்டும் வாரக்கணக்கில் நீங்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை வரை சிரமமின்றி நடந்து பழகியவர், பாதி வழியில் திண்ணையொன்றில் அமர்ந்து மூச்சு வாங்கினார். அதைச் சோம்பல் என்று அயலார் பேசியது நோயினும் கொடிதாக இருந்தது. உங்கள் இல்லத்தில் இவ்வாறு தளர்ந்தவர் எவரேனும் இருப்பின், வேலை ஏவாது ஓய்வளியுங்கள். மூச்சுத்திணறல் நீடித்தால், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.