ஊர்காவற்றுறையும் சுற்றியுள்ள தீவுகளும்
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை)

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்ட பெரியவர்களுக்கு ஊர்காவற்றுறை மறக்காது. வெளியிடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பெயர் மட்டும்தான். அவர்களுக்காகத்தான் கொஞ்சம் பழைய கதை.

நிலக்கரி ஏற்றி வளர்ந்த துறைமுகங்கள் உலகில் பல உண்டு. எங்கள் துறை யானை ஏற்றியது. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக வந்து இங்கே கப்பலேறின. 'கயிற்ஸ்' என்ற பெயரே, இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன், 12 ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கல்வெட்டொன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து இறங்கவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசனுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலிலும் உடையவனுக்குப் பங்கு எழுதியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

1905 இல் காங்கேசன்துறைக்கு ரயில் வந்தது. சரக்கு மெல்ல மெல்லத் தரைவழிக்கு மாறியது. ஆகவே துறைமுக வேலையை நம்பி யாரும் திரும்ப வேண்டாம். கடற்றொழில், பனை, ஆடுமாடு, மாரிப் பயிர் – கையிலிருப்பவை இவைதான்.

இனி தண்ணீர். இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். தீவுகளில் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்பரவாக்கலாம், ஆழமாக்கக் கூடாது. மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும், நாலு மாரி பெய்தாலும் இறங்குவது கஷ்டம். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். வாளியால் அள்ளியவர்கள் விபரமில்லாமல் அள்ளவில்லை. காணியிலோ கிணற்றிலோ இனந்தெரியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாமல் கிராம சேவையாளருக்குச் சொல்லுங்கள்.

காணி உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். பிரதேச செயலக வேலைகளுக்கு ஊர்காவற்றுறைக்காரர் தீவகம் வடக்குக்கும், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவுக்காரர் வேலணையில் உள்ள தீவகம் தெற்குக்கும் போகவேண்டும். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ் வரும். காரைநகருக்குப் பாதையில் கடக்கலாம். நயினாதீவு, நெடுந்தீவு போவோர் குறிகட்டுவானில் படகேற வேண்டும். சோளகம் பலத்தால் நெடுந்தீவுப் படகு நிற்கும். மருந்தும் பால்மாவும் சில நாளுக்குக் காணக்கூடியதாக முன்னரே வாங்கி வையுங்கள்.