வெயிலில் காயும் துணி க்ளிப்

மாடிக் கொடியில் துணி எடுக்கும்போது க்ளிப் கையிலேயே பட்டென்று உடைகிறதா? கடைக்காரரைத் திட்டாதீர்கள். பாதிப் பழி வெயிலுக்கு.

இந்த க்ளிப் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் புரோப்பிலீன் வாயுதான் மூலம். 1954-ல் இத்தாலியில் ஜூலியோ நட்டா, அந்த வாயுவின் மூலக்கூறுகளைப் பூச்சரம் தொடுப்பதுபோல ஒழுங்காகக் கோத்துக் காட்டினார். நோபல் பரிசும் வாங்கினார். சரம் நீளமாக இருக்கும்வரை க்ளிப் வளைந்து கொடுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் படப்பட, சரம் அறுகிறது. க்ளிப் வெளுக்கிறது, தொட்டால் மாவாக ஒட்டுகிறது, அப்புறம் நொறுங்குகிறது.

அப்படியானால் மக்கிவிட்டதா? இல்லை. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. எவ்வளவு பொடியானாலும் அது பிளாஸ்டிக்தான். மழை பெய்தால் அந்தப் பொடி சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும்.

சரி, பக்கத்திலேயே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வருஷக்கணக்கில் அதே வெயிலில் நிற்கிறதே? அதில் கலந்திருக்கும் கரித்தூள் கதிரை வாங்கிக்கொள்கிறது. க்ளிப்புக்கு அந்தக் கவசம் கிடையாது. துணியோடு அதையும் எடுத்துவந்து நிழலில் போடுங்கள். ரொம்ப நாள் உழைக்கும்.