அழாத மகன்

  

அன்னையின் மறைவை அந்நாளில் தந்தியாலும் இந்நாளில் தொலைபேசியாலும் அறிந்து, விடுப்புப் பெற்று, நெடுவழி கடந்து சென்ற பிள்ளைகள் இக்குடியிருப்பில் பலர் உளர். ஆதலின், தாய் இறந்த தந்தியோடு தொடங்கும் 'அந்நியன்' என்னும் பிரெஞ்சு நாவல் நம்மை உலுக்காமற் போகாது. ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட இந்நூலை வெ. ஸ்ரீராம் 1980-இல் தமிழுக்குத் தந்தார்.

கதை நிகழுமிடம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியா. மெர்சோ என்னும் எழுத்தன், முதியோர் இல்லத்தில் தாயின் சவப்பெட்டியருகே இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான், பால் கலந்த காப்பி அருந்துகிறான், புகை பிடிக்கிறான், அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் நீந்தி, மாரி என்னும் பெண்ணுடன் சிரிப்புப் படம் பார்க்கிறான். பின்னொரு நாள் கடற்கரையில் ஓர் அராபியனை ஒரு முறை சுட்டு, சற்றே நின்று, மேலும் நான்கு முறை சுடுகிறான். காரணம் கேட்டால், வெயில் என்கிறான். வழக்கு மன்றத்திலோ கொலையினும் அந்தக் காப்பியே பெருங்குற்றமாகிவிடுகிறது!

முதலில் நாம் இவனைக் கல்நெஞ்சன் என்றே தள்ளினோம். காம்யுவோ 1955-இல் எழுதிய முன்னுரையில், பொய் சொல்ல மறுத்தவன் என்று அவனுக்காகப் பரிந்து பேசினார். இதனை நாம் முற்றும் ஏற்பதற்கில்லை. அண்டை வீட்டு ரேமோன் தன் காதலியைப் பழிவாங்க எண்ணியபோது, அவளை வரவழைக்கும் கடிதத்தை எழுதித் தந்தவன் இதே மெர்சோதான். காவல் நிலையத்தில் அவனுக்குச் சாதகமாகச் சாட்சியும் சொன்னான். வாய்மையே உயிரெனக் கொண்டவன் இதற்கு எங்ஙனம் இசைந்தான்? துறவியின் பற்றின்மை என்று நம்முள் சிலர் சொல்வதும் பொருந்தாது. கடலிலும் வெயிலிலும் மாரியின் சிரிப்பிலும் அவனுக்குள்ள பற்று சிறிதன்று.

கொல்லப்பட்டவனுக்கு நாவலில் பெயரே இல்லை. அதை நாமும் கேட்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறோம். 2013-இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத், அவனுடைய தம்பி பேசுவதாக ஒரு நாவல் எழுதி, மூஸா என்று பெயரிட்டார். அங்கே மகனை இழந்த தாய் ஒருத்தி இருக்கிறாள். மெர்சோ தன் தாய்க்கு அழுதானா என்று இத்துணை வழக்காடிய நாம், அந்தத் தாயை நினைத்ததேயில்லை.

எனினும் கடைசிப் பக்கங்களை விரைந்து புரட்டிவிட வேண்டா. தூக்குமேடை அன்று, தலை துண்டிக்கும் பொறி அவனுக்காகக் காத்திருக்கிறது. அவ்விரவில் மெர்சோ தாயை நினைக்கிறான். முதுமையில் அவள் பெரெஸ் என்னும் கிழவரைத் துணையாகக் கொண்டது ஏன் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. அவளுக்காக அழ எவருக்கும் உரிமையில்லை என்றே அவன் எண்ணுகிறான்.

நூலின் படியொன்று சங்க நூலகத்தில் உள்ளது.